பாடி ஃபுல் மாங்கா

டமார்!

கல்லாமேசைக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றுதான் கடையில் இருந்த எல்லாரும் நினைத்தார்கள். உடையவில்லை. கண்ணாடி மேல் வந்து விழுந்தது ஒரு புடவைப் பெட்டி. விழுந்த வேகத்தில் மூடி ஒரு பக்கம் பறந்தது. உள்ளேயிருந்த அரக்கு நிறப் பட்டு பாதி வெளியே சரிந்து, பில் போடும் இயந்திரத்தின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

பெட்டியை எறிந்த கை ஜெயம்மாளுடையது. வாலாஜாபாத்தில் மூன்று அரிசி ஆலைகளுக்குச் சொந்தக்காரி. ஐம்பத்தைந்து வயது, பெரிய குங்குமப் பொட்டு, ஆலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

“யோவ் மேனேஜர்! இன்னாய்யா இது? என் மருமவ முகூர்த்தப் புடவையில பேயை நெய்ஞ்சு வெச்சிருக்கியே, பேயை!”

கோதண்டபாணி சில்க்ஸின் மேனேஜர் ஆனந்தராஜுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். கத்துகிற வாடிக்கையாளருக்கு முதலில் மோர், பிறகு மின்விசிறி, பிறகு மன்னிப்பு என்று வரிசை வைத்திருந்தார். மோருக்கு ஆள் அனுப்பக் கையைத் தூக்கினார்.

“மோர்லாம் வேணாம். நான் இன்னா கேட்டேன், நீ இன்னா குடுத்திருக்க? ஒண்ணும் மாத்தக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்கம்மா.”

“நேத்து பெட்டியத் தொறந்தா, பாத்த மருமவ ஓன்னு அழுவுறா. கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டே நாளு. இப்ப மாகறல் கோயில்ல பத்திரிகை வெக்கப் போயினு இருக்கேன். சாயந்தரம் அஞ்சே முக்காலுக்கு வருவேன். உங்க மொதலாளி இருக்கணும். நான் கேட்ட புடவை இருக்கணும். இல்லன்னா அது எப்ப வரும்னு அவர் வாயால சொல்லணும். சட்டுனு முடிக்கணும், ஆறரைக்கு நான் வீட்ல இருந்தாவணும்.”

வந்த வேகத்திலேயே போனாள். கார்க் கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் வாசல் பொம்மைக்குக் கட்டியிருந்த புடவையின் மடிப்பு அவிழ்ந்தது.

ஆனந்தராஜ் மணி பார்த்தார். காலை பத்தே கால். முதலாளி கோதண்டபாணி திருப்பதிக்குப் போயிருந்தார். மாலை ஐந்து மணிக்கு மொட்டைத் தலையும் லட்டுமாகத் திரும்புவார். வந்ததும், தாம்பரத்தில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு யார் பொறுப்பு என்று அறிவிப்பார். ஒன்று ஆனந்தராஜ், அல்லது முதலாளியின் தங்கை மகன் விக்ரம். “என் மச்சான் புள்ள வேணுமா, இருபத்திரண்டு வருச உழைப்பு வேணுமான்னு ஏழுமலையானைக் கேட்டுட்டு வர்றேன். நடுவுல ஒரு புகார் வந்துச்சு, சாமியக் கேக்கவே வேணாம்” என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளி வண்டி ஏறினார்.

ஆனந்தராஜ் சாமியின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ‘கிளைத் தலைவர், தாம்பரம்’ என்று விசிட்டிங் கார்டு அடித்து, சட்டைப் பையில் பத்து வைத்திருந்தார்.

அவர் பில் இயந்திரத்தின் மேல் படுத்திருந்த புடவையை எடுத்து விரித்தார். உடல் முழுக்க ஜரிகையில் பொடியன்கள். ஒவ்வொருவனுக்கும் வெள்ளி முடி, ஒற்றைக் கண், கையில் ஒரு கிழிந்த குடை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், முந்நூற்றுப் பன்னிரண்டு குடைகள்.

கசமாரு!

குடைவீரன் கசமாரு ஜப்பானில் படக்கதையாகப் பிறந்து, அங்கேயே தொலைக்காட்சித் தொடராக வளர்ந்து, இப்போது நல்ல தமிழ் பேசிக்கொண்டு தினமும் மாலை ஆறரை மணிக்குக் காஞ்சிபுரத்துக்கு வந்து போகிறவன். பேய் ஏவிய வெள்ளத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்த பையன், மழைப் பேய்களைக் கிழிந்த குடையால் அடிப்பான். குடை ஏன் கிழிந்தது என்று சொல்வதற்கே அந்தத் தொடர் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது.

ஊர் எடுத்துக்கொண்டது இரண்டே வாரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏப்ரல் வெயிலில் கிழிந்த குடையோடு போனார்கள். குடை கிழியாத வீட்டில் தாய்மார்கள் கத்தரிக்கோலால் கிழித்துக் கொடுத்தார்கள். வட்டச் செயலாளர் ஒருவரின் பிறந்தநாள் பேனரில் அவர் பக்கத்திலேயே கசமாரு நின்றான், ‘எங்கள் குடையே! எங்கள் நிழலே!’ என்று கீழே எழுதியிருந்தது. அந்த பேனர்தான் பேருந்து நிறுத்தத்தில் விழவேண்டிய ஒரே நிழலையும் மறைத்துக்கொண்டு நின்றது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கலியாணசுந்தரம், ‘கசமாரு’ என்பது ‘கச்சி மாறன்’ என்பதன் மரூஉ என்றும், கச்சி என்றால் காஞ்சிதான் என்றும், பையன் இங்கிருந்து கப்பலேறிப் போனவன் என்றும் எட்டுப் பக்கத்தில் துண்டுப் பிரசுரம் போட்டார். மாறன் பாண்டியர் பெயர் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டதற்கு, அது தனி ஆராய்ச்சி, தனிப் பிரசுரம் என்றார்.

இந்தப் பைத்தியத்துக்கு நடுவில்தான், இரண்டு மாதம் முன்பு, ஜெயம்மாளின் வாட்ஸப் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். ‘பாடி ஃபுல் மாங்கா. பார்டர் கோபுரம். கலர் அரக்கு. ஒண்ணும் மாத்தாதீங்க. போட்டோ அனுப்பாதீங்க, மருமகளுக்கு சஸ்பென்ஸ்.’

எம், ஏ, என், ஜி, ஏ. இந்த ஐந்து எழுத்தைக் காஞ்சிபுரத்தில் வேறு எந்தக் கடைக்காரர் பார்த்திருந்தாலும் ஒரு நொடி யோசித்திருக்க மாட்டார். மாங்காய்! பட்டுப் புடவையில் மாங்காய் புட்டா போடாத தறி இந்த ஊரில் உண்டா? ஆனால் ஆனந்தராஜ் விவரம் தெரிந்தவர். அதற்கு முந்தின வாரம்தான் விக்ரம் அவருக்குப் பாடம் நடத்தியிருந்தான்.

“அங்கிள், டிவில வந்தா அனிமே. புக்கா வந்தா மாங்கா. ஜப்பான்ல படக்கதைக்குப் பேரே மாங்காதான்.”

“மாங்காவா?”

“மாங்காதான் அங்கிள். சாப்பிடுறது இல்ல.”

அந்த அறிவு ஆனந்தராஜுக்குள் புதுச் சட்டை மாதிரி கசகசத்துக்கொண்டிருந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும். செய்தியைப் பார்த்ததும் அவர் மேசையைத் தட்டினார். “தம்பி, இவங்க கேக்குறது ஜப்பான் மாங்கா! புள்ள ஐ.டி.ல இருக்குறான், பொண்ணு காலேஜ்ல டிராயிங் சொல்லிக்குடுக்குது. இந்தக் காலத்துக் கல்யாணம்பா. நாம யாரு? இந்தக் காலத்துக் கடை!”

கணினியில் வடிவம் தயாரானபோது அவர் இன்னொரு விஷயத்தையும் கவனித்தார்.

“ஏம்பா, இவன் ஏன் குடையப் பீச்சாங்கையில புடிச்சிருக்கான்?”

“அவன் லெஃப்டி அங்கிள்.”

“முகூர்த்தப் புடவையில பீச்சாங்கையா? அதுவும் முந்நூறு பீச்சாங்கை! தாலி ஏறுற நேரத்துல விளங்குமா? சோத்தாங்கைக்கு மாத்து.”

“அங்கிள், வேணாம். கதைப்படி ரைட் ஹேண்ட்ல குடை வந்துச்சுன்னா—”

“கதை ஜப்பான்காரனுக்கு. கலாச்சாரம் நமக்கு.”

இந்த வாக்கியம் ஆனந்தராஜுக்கே மிகவும் பிடித்துப்போய், அன்று மாலைக்குள் நான்கு பேரிடம் சொன்னார்.

அந்தக் கலாச்சாரம்தான் இப்போது அவர் முன்னால் விரிந்து கிடந்தது. ஆனந்தராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது அம்மாள், கோயிலில் பத்திரிகை வைக்கப் போகிற அம்மாள், அரிசி ஆலைக்காரி. அவளுக்கு ஜப்பான் தெரியுமா, படக்கதை தெரியுமா? குடைவீரனைப் பார்த்துப் பேய் என்கிறாளே! அவள் கேட்டது மாங்காய். மரத்தில் காய்க்கிற, ஊறுகாய் போடுகிற, ஏகாம்பரநாதர் கோயில் மரத்தில் தொங்குகிற மாங்காய்!

“அங்கிள்,” என்று விக்ரம் மெதுவாகப் பக்கத்தில் வந்தான், “அவங்ககிட்ட இன்னொரு தடவை போன்ல தெளிவா கேட்டுட்டா—”

“உன்னால வந்த வினைதான் இது. நீ வாயத் தொறக்காத.”

விக்ரம் வாயை மூடிக்கொண்டான். தாம்பரத்துக் காற்று தன் பக்கம் வீசுவது அவனுக்கும் தெரியாமல் இல்லை.

அரக்கு நிறத்தில், உடல் முழுக்க மாங்காயோடு, கோபுர பார்டர் போட்ட புடவை. போன வருடம் என்றால் கடையில் இருபது இருந்திருக்கும். ‘மாங்கா நம்ம கடைக்கு இனிமே வேணாம் மொதலாளி, அது ஆயா காலத்து டிசைன்’ என்று சொல்லி, இருந்த அத்தனையையும் ஆடித் தள்ளுபடியில் வழித்தெடுத்து விற்றவரே ஆனந்தராஜ்தான். மற்ற கடைகளுக்கு போன் போட்டார். ஒரு கடையில் மாங்காய் இருந்தது, கிளிப்பச்சை. இன்னொன்றில் அரக்கு இருந்தது, மயில். மூன்றாவது கடைக்காரர், “இன்னா ஆனந்தராஜ், உங்க கடை ஜப்பானுக்குப் போயிடுச்சுன்னு சொன்னாங்களே” என்றார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் பறந்தார்.

அங்கே பொன்னியும் அவள் கணவன் அருளும் ஒரே தறியில் மாறி மாறி நெய்கிறவர்கள். கசமாரு புடவையை நெய்ததும் அவர்கள்தான். அருள் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தான். பொன்னி பக்கத்தில் இழை முடிந்துகொண்டிருந்தாள். வாசலில் ஆனந்தராஜின் தலை தெரிந்ததுமே அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

“வாங்க மேனேஜர் சார். இன்னும் எத்தினி குடை?”

“குடை இல்லம்மா. மாங்கா வேணும்.”

“ஊறுகாய்க்கா, பச்சடிக்கா?”

தறிக்குழியிலிருந்து அருள் சிரித்தான்.

“வெளையாடாத பொன்னி. அரக்கு, பாடி ஃபுல் மாங்கா, கோபுர பார்டர். சாயந்தரத்துக்குள்ள வேணும். இல்லன்னா என் வேலை போச்சு.”

பொன்னி இழையைக் கீழே வைத்தாள். “போன வருசம் இதே வாசப்படியில நின்னுக்கினு இன்னா சொன்னீங்க? ‘உலகம் எங்கியோ போயினு இருக்குது, நீங்க இன்னும் மாங்காய விடல’ன்னு சொன்னீங்களா இல்லியா?”

“சொன்னேம்மா.”

“போன உலகம் திரும்பி வந்துடுச்சா?”

“வந்துடுச்சும்மா. உன் வாசல்லதான் நிக்குது.”

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, பாய் மேல் பிரித்தாள். அரக்கு. கோபுர பார்டர். உடல் முழுக்கத் தங்க மாங்காய்கள், ஒன்றோடு ஒன்று மூக்கு உரசுகிற மாதிரி. ஆனந்தராஜுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“யாருக்கு நெய்ஞ்சதும்மா இது?”

“உங்களுக்குத்தான். சீட்டைப் பாருங்க.”

தலைப்பில் ஒரு காகிதச் சீட்டு குத்தியிருந்தது. அதில் அவருடைய கையெழுத்தே இருந்தது: ‘பழைய டிசைன். வேண்டாம். ஆனந்தராஜ்.’

அவர் சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். “பெரிய உதவி பொன்னி. இதை நான் மறக்க மாட்டேன்.”

“மறப்பீங்க. அதனால இப்பவே ஒரு சத்தியம் பண்ணிட்டுப் போங்க. இனிமே இந்தத் தறியில குடை ஏறக் கூடாது. கசமாராம், கஸ்மாலம்! அவனுக்காச்சும் ஒத்தக் கண்ணு இருக்குது. அவன் குடைக்கம்பிய எண்ணி எண்ணி எனக்கு ரெண்டும் போயிடும் போலருக்குது.”

ஆனந்தராஜ் காமாட்சியம்மன் கோயில் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டார். “காமாட்சி சத்தியமா, இந்தத் தறியில குடை ஏறாது.”

“அப்ப அந்த டிசைன் அட்டைய இன்னா பண்றது?” என்று அருள் கேட்டான். தறியில் பூ விழவைக்கும் துளையிட்ட அட்டைகள், ஒரு மூட்டை, மூலையில் கிடந்தன. அந்த ஒரு மூட்டைக்குள்தான் கசமாருவின் முடி, கண், குடை எல்லாம் இருந்தது. அதைத் துளையிடவே பதினைந்து நாள் ஆனது.

“வெந்நீர் அடுப்புல போடு.”

“நெசமாவா சார்?”

“நான் சொல்றேன், போடுப்பா. சனியன் ஒழியட்டும்.”

அருள் இன்னொரு தடவை கேட்கவில்லை. ஆனந்தராஜ் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பின்பக்கம் புகை எழும்பியது. அந்தப் புகையைப் பார்க்க அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். புது மொட்டை, அதில் சந்தனம், கையில் லட்டுப் பை. ஆனந்தராஜ் முந்திக்கொண்டார்.

“ஒரு சின்ன விசயம் மொதலாளி. வாலாஜாபாத் அம்மாவுக்குப் பார்சல் மாறிப் போயிடுச்சு. அவங்களோடது ரெடியா இருக்குது. வந்தா குடுத்தனுப்பிடலாம்.”

“புகாரா?”

“புகார்னு சொல்ல முடியாது. வருத்தம்.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார். லட்டுப் பையை மேசை மேல் வைத்தார். பிரிக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஜெயம்மாள் வந்தாள். மருமகளாகப் போகும் அபிநயாவையும் கையோடு அழைத்து வந்திருந்தாள். ஒல்லியான பெண், கண் இன்னும் சிவந்திருந்தது. ஜெயம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

“சீக்கிரம். இன்னா பதிலு?”

ஆனந்தராஜ் தொண்டையைச் செருமினார். மோர், மின்விசிறி எல்லாம் தயார். இப்போது பேச்சு.

“அம்மா, உங்க மேல தப்பே இல்ல. உங்க வீட்டுக்கு வந்தது வேற எவனோ ஒரு அரைக்கிறுக்கு ஆர்டர் குடுத்த புடவை. வயசுக்கேத்த புத்தி வேணாமாம்மா? கல்யாணத்துல எவளாவது பொம்மைப் படத்தைக் கட்டிக்கினு மணையில உக்காருவாளா?”

அபிநயா இருமினாள்.

“அரைக்கிறுக்கா?” என்றாள் ஜெயம்மாள்.

“முழுக்கிறுக்குன்னே வெச்சுக்கோங்க. டிவியத் தொறந்து வெச்சுக்கினு, ஜப்பான்காரன் அழுதா இவங்களும் அழுவுறாங்களாம். வேலைவெட்டி இல்லாத கும்பலும்மா. உங்களை மாதிரி கோயில் கொளம்னு இருக்குறவங்களுக்கு அந்தக் கண்றாவி எதுக்கு?”

முதலாளி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் ஆனந்தராஜுக்குத் தாம்பரம் தெரிந்தது, சுழலும் நாற்காலி தெரிந்தது. அவர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரே வீச்சில் புடவையை மேசை நீளத்துக்கும் பாயவிட்டார். தங்க மாங்காய்கள் விளக்கு வெளிச்சத்தில் சிரித்தன.

ஜெயம்மாள் பார்த்தாள். ஒரு மாங்காயை விரலால் தொட்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நெகிழ்ந்து போய்விட்டாள் என்று ஆனந்தராஜ் முடிவு செய்தார்.

“பேச்சு வரலை இல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இனிமே தாம்பரத்துக்கே வாங்கம்மா, நான் அங்கதான் இருப்பேன்” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

ஜெயம்மாள் அதை வாங்கி, கண்ணாடியை மூக்கு மேல் ஏற்றிக்கொண்டு, சத்தமாகப் படித்தாள்.

“‘பழைய டிசைன். வேண்டாம். ஆனந்தராஜ்.’”

முதலாளி கையை நீட்டி அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு லட்டுப் பையை மேசையிலிருந்து எடுத்து, தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

“அது... அது வேற புடவையோட சீட்டு மொதலாளி...”

“நீயே வேணாம்னு எழுதி வெச்சதை எனக்குக் கட்டப் பாக்குறியா?” என்று ஜெயம்மாள் எழுந்தாள். “அது போவட்டும். இது இன்னாய்யா?”

“மாங்காம்மா. நீங்க கேட்ட மாங்கா. பாடி ஃபுல்...”

“மரத்துல காய்க்கிற மாங்காவை எவன்யா கேட்டான்?”

ஆனந்தராஜ் மாங்காய்ப் புடவையை அவசரமாகச் சுருட்டினார். அந்த நேரத்தில், எங்கிருந்தோ, வெந்நீர் அடுப்பில் அட்டை எரிகிற வாசனை அவர் மூக்கில் ஏறியது. பின்னால் விக்ரம், கண்ணாடி அலமாரியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

“அத்தை,” என்று அபிநயா ஜெயம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள், “மணி ஆறாவுது. இன்னிக்கு அவன் அம்மாவோட ஆவியைக் கண்டுபுடிக்கிற எபிசோடு. வீட்டுக்குப் போலாம், வாங்க.”

ஜெயம்மாள் நகரவில்லை. காலையில் தான் எறிந்த பெட்டியைத் திறந்து, கசமாரு புடவையை உருவி, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவனை ஆனந்தராஜின் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“பீச்சாங்கையில குடை புடிச்சாதான்யா அவன் கசமாரு, சோத்தாங்கையில புடிச்சிருந்தா அது அவன் வேசத்துல வந்து அவன் குடும்பத்தையே கொன்ன பேயி, இது கூடத் தெரியாம நீ இன்னாய்யா மேனேஜரு?”